அப்பாவின் பழுப்புப் பல், மகளின் வெள்ளைப் புள்ளி

அன்று மாலை சிகிச்சை அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நாற்காலியில் ஆறு வயது யாழினி. அவள் காலடியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, அவளுடைய அம்மா கவிதா. எங்கள் டொக்டர். அவர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு நான். வெளியே வரவேற்பு மேசையில் சுகந்தி அக்கா இருந்தார்; கதவு திறந்திருந்தால் எதிலும் கலந்துகொள்வார் என்பதால் அவரையும் சேர்த்து ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர் ஒருவர்தான்: யாழினியின் அப்பா செந்தில். எங்கள் பாசல் நகரில் ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். வேதியியல் படித்தவர்.

எங்கள் பல் கிளினிக்கில் உதவியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஜெர்மனிலும் எழுதலாம்தான். ஆனால் டொக்டர் ஜெர்மனில் சொன்னதைத் தவிர, அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், நடந்தது முழுக்கத் தமிழில் நடந்தது. இந்த மாதத்தோடு நான் மேற்படிப்புக்குப் போகிறேன். போகிற ஆள் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது எங்கள் கிளினிக்கில் வழக்கம். நான் இதே நாட்டில் லாங்கன்தால் என்ற சிறு நகரில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆள் கிடையாது; அதனால் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கேள்வி கேட்டுப் பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் இந்த வேலையில் எனக்கு உதவியது. கருவிகளை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்பதையெல்லாம் டொக்டர் உங்களுக்குக் காட்டுவார். எனவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாழினியின் வாயில் இரண்டு சங்கதிகள் இருந்தன. கீழ்வரிசை இடப்பக்கம் ஒரு பால் கடைவாய்ப்பல் ஓட்டையாகி, உள்ளே கறுத்துப் போயிருந்தது. அது கைவிட்ட கேஸ். கவலை அதற்குப் பின்னால் இருந்தது. அப்போதுதான் முளைத்து வந்திருந்த நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் நான்கிலும், சோக்கட்டியால் தொட்டுவைத்த மாதிரி, பளபளப்பில்லாத வெள்ளைப் புள்ளிகள்.

அந்த வெள்ளைப் புள்ளியை நீங்கள் இனி வாழ்நாள் முழுதும் பார்ப்பீர்கள். அதனால் அது என்ன என்று எனக்கு விளங்கிய மாதிரியே சொல்கிறேன். நாம் எதைச் சாப்பிட்டாலும் வாயிலிருக்கும் கிருமிகளும் அதில் பங்கு எடுக்கின்றன. இனிப்பையும் மாவையும் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பு பல்லிலிருந்து கொஞ்சம் சுண்ணச்சத்தைக் கரைத்தெடுக்கிறது. சற்று நேரத்தில் உமிழ்நீர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறது. எடுப்பதும் வைப்பதுமாக நாள் முழுக்க இது நடக்கிறது. வைப்பதைவிட எடுப்பது கூடிவிட்டால் மேற்பரப்பு உடையாமலே உள்ளே பல் பஞ்சுபோல ஆகிவிடும். அதுதான் வெளியே வெள்ளையாகத் தெரிவது. வாயில் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால் திருப்பி வைக்கும் வேலை வேகமாக நடக்கும். புதிதாக வைத்த இடம் முன்பிருந்ததைவிடப் புளிப்பைத் தாங்கும். எனவே வெள்ளைப் புள்ளி என்பது பல் இன்னும் பழையபடி திரும்பக்கூடிய நிலை. மேற்பரப்பு உடைந்து குழி விழுந்துவிட்டால் திரும்பாது. டொக்டர் குடைந்து அடைக்க வேண்டியதுதான்.

“இனிப்பு கொடுப்பீங்களோ அக்கா?” என்று கவிதாவிடம் கேட்டேன்.

“சாக்லேட் கண்ணுல காட்டுறதில்ல தம்பி. பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, அவ்வளவுதான். எல்லாம் ஆரோக்கியமானது.”

“ஒரு நாளைக்கு எத்தினை தரம்?”

“அது... டப்பா மேசை மேலேயே இருக்கும். போறப்ப வர்றப்ப எடுப்பா.”

டொக்டர் பற்பசையைப் பற்றிக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கவிதா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட். அவரு தேடித்தேடி வரவழைக்கிறாரு. உப்பும் அப்படித்தான். இங்க கடையில ரெண்டு விதமா உப்பு இருக்கில்ல, ஃபுளோரைடு கலந்தது, கலக்காதது? ஒரு தடவை நான் மாத்தி வாங்கிட்டு வந்துட்டேன். பாக்கெட்டைப் பிரிக்கவே விடல, திருப்பிக் கொடுத்துட்டு வந்தாரு. எங்க வீட்டுக்குள்ள வரணும்னா செருப்பையும் ஃபுளோரைடையும் வாசல்லயே கழட்டிட்டுத்தான் வரணும்.”

எனக்கு அதிசயமாக இருந்தது. பாசலில் ஒரு காலத்தில் குழாய்த் தண்ணீரிலேயே ஃபுளோரைடு கலந்தார்கள். பிறகு அதை நிறுத்திவிட்டு உப்பின் வழியாக எல்லா வீட்டுச் சமையலறைக்கும் அனுப்புகிறார்கள். அதற்குத் தப்பி ஒரு பிள்ளையை வளர்ப்பதென்றால் எவ்வளவு கவனம் வேண்டும்! கவனமில்லாத அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது கவனத்தால் வந்த சொத்தை.

டொக்டர் சொன்னது சுருக்கமானது. இன்று நான்கு பற்களுக்கும் ஃபுளோரைடு பூச்சுப் பூசி, வீட்டில் பற்பசையை மாற்றினால் புள்ளிகளைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. விட்டால் சில மாதங்களில் குழிதான். அவர் சொல்லி முடிக்கும்போது அடுத்த அறையில், காலையில் பல் பிடுங்கியவருக்கு இரத்தம் நிற்கவில்லை என்று கூப்பிட்டார்கள். “ஓமா இல்லையா என்று கேட்டு வை” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் கவிதா எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

“பூசிடுங்க தம்பி.”

“அண்ணை ஓமெண்டு சொல்லுவாரோ?”

“அவருக்கு எதுக்குத் தெரியணும்? கண்ணுக்குத் தெரியவா போகுது? ரெண்டு நிமிஷ வேலைன்னு டாக்டரே சொன்னாங்க.”

வெளியிலிருந்து சுகந்தி அக்காவின் குரல் வந்தது. “தாய் ஓமெண்டால் காணும்தானே? பூசிவிடுமன். ஏன் யோசிக்கிறாய்?”

சட்டப்படி சுகந்தி அக்கா சொன்னது சரி. பூச்சுக் குப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. யாழினி வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; மூடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பூசாமல் அனுப்பினால் இந்தப் பிள்ளை மறுபடி வருவாளா என்பதும் தெரியாது. அப்பா கோபித்துக்கொண்டு வேறு டொக்டரிடம் போய்விட்டால், புள்ளிகள் குழியாகும்வரை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனாலும் கை நீளவில்லை. நேர்மை, நியாயம் என்று பெரிதாக எதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. ஃபுளோரைடு ஒருமுறை போட்டுவிட்டால் ஆயுள் முழுக்கக் காக்கிற தடுப்பூசி கிடையாது. கொஞ்சமாக, தினமும், வாயில் இருந்தால்தான் அதற்கு வேலை. இன்று பூசியதைக் கவிதா மறைத்துவிடலாம். நாளை இரவு பற்பசையை எங்கே மறைப்பார்? ஆறு வயதுப் பிள்ளையிடம் தினமும் இரண்டு தரம் “அப்பாவிடம் சொல்லாதே” என்று சொல்ல முடியுமா? அப்பாவுக்குத் தெரியாமல் செய்யக்கூடிய வைத்தியம் இது கிடையாது.

“அக்கா, அண்ணைக்கு ஒருக்கா போன் எடுங்கோ. நான் கதைக்கிறன்.”

கவிதாவின் முகம் மாறிவிட்டது. “உங்கள நம்பிச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்” என்றார். இருந்தாலும் போனை எடுத்தார். மகளுக்குப் பல் ஓட்டை என்று ஆரம்பித்தவர், இரண்டு வாக்கியத்தில் “நீங்களே வந்து பாருங்க” என்று முடித்துவிட்டார்.

ட்ராமில் வந்து இறங்கி, ஓடி வந்த மாதிரி மூச்சோடு நுழைந்தார் செந்தில். அடர்ந்த மீசை. பேசும்போது உதடு அதிகம் அசையவில்லை. சொற்கள் மீசைக்குக் கீழேயிருந்து வந்தன. மகளின் வாயைப் பார்த்தார். அந்தக் கறுத்த பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் வழக்கமான பாடத்தைத் தொடங்கினேன். பல் என்பது கல்சியமும் பொஸ்பேற்றும்...

“தம்பி, கால்சியம் பாஸ்பேட் பத்தி எனக்கு வேணாம்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். “இது என்னன்னு தெரியுதா, அதைச் சொல்லுங்க.”

மீசையை விரலால் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக் காட்டினார். முன்பற்கள் எல்லாவற்றிலும் குறுக்காகப் பழுப்புப் பட்டைகள். அப்படிப்பட்ட பற்களை நான் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன். என்னை அறியாமல் கிட்டப் போய்விட்டேன்.

“எங்க ஊர் தர்மபுரி பக்கம். போர்வெல் தண்ணி. ஆழமாப் போகப் போக, பாறையிலேர்ந்து ஃபுளோரைடு கரைஞ்சு வரும். எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் இதே பல்லுதான். குரூப் போட்டோல ஒருத்தன் சிரிச்சிருக்க மாட்டான். எங்க பெரியப்பாவுக்கு எலும்புலயே இறங்கி முதுகு வளைஞ்சு போச்சு. கடைசி வரைக்கும் ஆகாசத்தைப் பார்க்க முடியல. நான் காலேஜுக்குச் சென்னை வந்தா, நீ வெத்தலை போடுவியான்னு கேட்கிறானுங்க. இப்ப லேப்ல மாஸ்க் போட்டாத்தான் எனக்கு நிம்மதி.” மகளைக் காட்டினார். “இவ வாயைத் திறந்து சிரிக்கணும். அவ்வளவுதான் எனக்கு. இப்ப அதே சாமானை அவ பல்லுல பூசலாமான்னு என்னையே கேட்குறீங்க.”

கைநூலில் “பெற்றோரின் அச்சத்தைப் போக்குங்கள்” என்று ஒரு வரி இருக்கிறது. அவருடைய அச்சத்தில் பொய்யே இல்லாதபோது எதைப் போக்குவது? அந்த இடத்தில் எனக்குக் கேட்பதற்குத்தான் வந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

“அண்ணா, உங்களுக்கு எப்பவாவது பல்லு நொந்திருக்கோ?”

“வலியா? இல்லையே.”

“அடைச்சிருக்கோ?”

“எதுக்கு அடைக்கணும்? பல்லுன்னு டாக்டர்கிட்ட நான் போனதே கிடையாது. போனா வாயைத் திறக்கணுமே.”

“ஒருக்கா பார்க்கலாமோ?”

“நான் பேஷண்ட் இல்ல தம்பி.”

யாழினி நாற்காலியை விட்டு இறங்கினாள். “அப்பா, நான் ஆ காட்டினேன்ல? நீங்களும் காட்டுங்க. வலிக்காது. லைட்டு மட்டும் கண்ணுல அடிக்கும்.”

கவிதா கைப்பையால் வாயை மறைத்துக்கொண்டார். செந்தில் அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். சிறிய கண்ணாடியை வைத்து நான் ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் டொக்டர் திரும்பி வந்துவிட்டார்.

“நான் போகும்போது இதில் சின்னப் பிள்ளை இருந்தாள்” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவரும் குனிந்து பார்த்தார். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை போய், திரும்பி வந்தார். பழுப்பு நிறையவே இருந்தது. ஒன்றிரண்டு இடத்தில் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் ஓட்டை ஒன்றும் இல்லை. அடைத்த பல்லும் இல்லை. நாற்பதை நெருங்குகிற மனிதர், பல் டொக்டரைக் கண்ணால் காணாதவர். டொக்டர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதுதான் அன்று நான் செய்த உருப்படியான காரியம் என்று இப்போது நினைக்கிறேன்.

செந்தில் நாற்காலியிலிருந்து எழும்பவில்லை. விளக்கைப் பார்த்தபடியே யோசித்தார்.

“ஒரு சாம்பிளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

“ஓம் அண்ணா.”

“அந்தத் தண்ணி நல்லதுன்னு ஆயிடாது.”

“ஆகாது அண்ணா.”

“எனக்கு வந்தது, பல்லு ஈறுக்குள்ள உருவாகுறப்ப குடிச்சதால. வெளிய வந்த பல்லுல கறை அப்படிப் புதுசா வராது.” இதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இந்தப் பூச்சுல எவ்வளவு இருக்கு? முழுங்கினா எவ்வளவு உள்ள போகும்?”

எனக்கு எண் தெரியாது. தெரியாது என்றே சொல்லி, பொதியில் இருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். மகளின் கழுத்தில் கட்டும் காகிதத் துண்டை உருவிப் பேனாவால் கணக்குப் போடத் தொடங்கினார். ஒரு பக்கம் இந்தத் துளி. மறுபக்கம் அவர் சிறு வயதில் தினமும் குடித்த தண்ணீர், வருடக் கணக்கில். நாங்கள் நால்வரும் சுற்றி நின்று பார்த்தோம். எந்த எண் எங்கே வந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். அந்தத் தாளை நீங்களே வாசியுங்கள், ஒருநாள் உங்களிடமும் கேட்பார்கள். கணக்கு முடிந்ததும் அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“பூசுங்க. பேஸ்ட் பட்டாணி அளவுதான் வைப்பேன். முழுங்காம பார்த்துக்கிறது என் பொறுப்பு.”

டொக்டர் பூசினார். அடுத்த வாரம் அந்தக் கறுத்த பால்பல்லைப் பிடுங்கி, பின்னால் இருக்கிற பல் முன்னுக்குச் சரியாதபடி ஒரு கம்பி வளையம் வைத்தோம். போகும்போது கவிதா என்னிடம், “நல்லவேளை, நான் சொன்னதை நீங்க கேட்கல” என்றார். சுகந்தி அக்கா உடனே, “நானும் அதைத்தானே சொன்னனான்” என்றார். சொல்லவில்லை. பரவாயில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் வசதி. மூன்று மாதம் கழித்து யாழினி வந்தபோது, நான்கு புள்ளிகளில் மூன்று இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தன; பெரிதாகவில்லை, ஆனால் பளபளப்பும் வரவில்லை. கீழ் வலப்பக்கம் இருந்த நாலாவது உடைந்து குழி விழுந்திருந்தது. பற்பசை மாறியிருந்தது, உப்பு மாறியிருந்தது, பேரீச்சம்பழ டப்பா சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வெளியே வந்தது. மூவரும் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டொக்டருக்கும் புரியவில்லை.

இப்படி வரும்போது “ஒழுங்காகத் தீட்டுகிறீர்களா?” என்று கேட்டுப் பிரயோசனமில்லை. யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

கைகழுவும் தொட்டியருகே ஒரு முக்காலி போட்டு யாழினியை ஏற்றினேன். பிரஷ்ஷில் அப்பாவே பட்டாணி அளவு வைத்தார். நன்றாகத் தீட்டினாள், நான் பார்த்த பிள்ளைகளில் அவள்தான் கெட்டிக்காரி. துப்பினாள். துப்பியதும், பழக்கத்தில் கையை அப்பா பக்கம் நீட்டினாள். அவர் குவளையில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி பிடித்தார்.

“இன்னொரு தடவை, கண்ணு. நுரை சுத்தமாப் போகட்டும்.”

நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பல் தீட்டிய வாயை நன்றாகக் கொப்பளித்து, தொண்டைவரை கழுவாவிட்டால் எச்சில் வாயோடு நிற்கிற மாதிரி நமக்கு அருவருப்பாக இருக்கும். சாமி கும்பிடப் போக முடியாது, தேநீர் குடிக்க முடியாது. இங்கே பிறந்த பிள்ளைகள் துப்பிவிட்டு அப்படியே போவதைப் பார்த்தால் நம் அம்மாமாருக்கு உடம்பு கூசும். அன்று முதல் நாளே டொக்டர் கொப்பளிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார், நானும் மொழிபெயர்த்திருந்தேன். கேட்டுத் தலையாட்டியிருந்தார்கள்.

மூன்றாவது குவளை பாதி நிறைந்தபோது செந்திலின் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பற்பசையில் வந்த ஃபுளோரைடெல்லாம் தினமும் இரண்டு நேரம், அவர் கையாலேயே தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அவரே குழாயை மூடினார்.

“தலை ஒத்துக்கிச்சு தம்பி” என்றார். “கை ஒத்துக்கல.”

யாழினி முக்காலியில் நின்றபடி குவளைக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். “அப்பா, தண்ணி?”

“வேணாம்டா. துப்பினா போதும்.”

“வாய் கசகசன்னு இருக்குமே?”

“இருக்கட்டும். அது வேலை செய்யுது.”

இந்த வேலையில் ஒருவர் “சரி” என்று சொல்வதை நீங்கள் தினமும் கேட்பீர்கள். அதைக் கேட்டதும் குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடத் தோன்றும். செந்தில் சொன்ன சரி, தன் ஊரின் தண்ணீரையும் பெரியப்பாவின் முதுகையும் தாண்டி வந்தது. அது கைவரை வந்து சேர இன்னும் மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதத்தில் ஒரு பல்லில் குழி விழுந்தது. சம்மதம் கிடைத்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் போய்த் தொட்டியருகே நிறுத்திப் பாருங்கள்.

நாலாவது பல்லை டொக்டர் குடைந்து அடைத்தார். யாழினி அழவில்லை, அப்பாவின் கட்டைவிரலை மட்டும் விடவில்லை. மற்ற மூன்றுக்கும் இரண்டாம் முறை பூசினோம். கோடை விடுமுறைக்கு முன்னால் வந்தபோது அந்த மூன்றும் இறுகி, கண்ணாடிபோல வெளிச்சத்தைத் திருப்பி அடித்தன. ஈரம் காய்ந்தால் மறைந்திருக்கும் வெள்ளையும் தெரியும் என்பதால் உலர்ந்த காற்றை ஊதிப் பார்த்தோம், வெள்ளை எழும்பவில்லை. டொக்டர் கருவியை வைத்துவிட்டு, இவற்றுக்கு இனி என் தேவை இல்லை என்றார். அதை மொழிபெயர்த்தபோது செந்தில் சிரித்தார். பல்லை மறைக்க மீசைக்குமேல் கை போகவில்லை.

இந்த நாட்டில் பல்லுக்கு அடிப்படை மருத்துவக் காப்புறுதி பொதுவாகப் பணம் கொடுக்காது என்று உங்களுக்குத் தெரியும். சுகந்தி அக்கா மேசையில் கணக்கைப் போட்டு நீட்டினார். செந்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்: பால்பல் பிடுங்கியது, கம்பி வளையம், அடைத்தது, வந்து காட்டிப் போன ஒவ்வொரு தடவைக்குமான கட்டணம்.

“இதுல ஃபுளோரைடு எது அக்கா?”

சுகந்தி அக்கா இரண்டு சின்ன வரிகளைத் தொட்டுக் காட்டினார். இரண்டும் சேர்ந்து ஐம்பத்தாறு பிராங்க். மொத்தம் ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு.